ஏழரை மணிக்குக் கேட்ட பதில்

என் வீட்டுக்காரருக்கு ராத்திரிச் சாப்பாடு ஏழரை மணிக்குள் ஆகிவிட வேண்டும். ஏழு மணிக்கு வயிற்றில் இன்சுலின் ஊசி, அடுத்த அரை மணியில் சோறு. ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் சர்க்கரை இறங்கும், ரொம்பவும் இறங்கிவிட்டால் ஆள் எழுந்திருக்க மாட்டார் என்று சர்க்கரை டாக்டர் முதல் நாளே எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் மற்ற எதற்கும் கெடு கிடையாது. இதற்கு உண்டு.

அந்தக் கெடுவை நான் நாலு வருஷம் தவறவிடவில்லை. அகரஹாரத்தில் ஒரு சின்ன கண் ஆஸ்பத்திரியில் முன் மேசையில் உட்கார்ந்து சீட்டுப் போடும் வேலை எனக்கு. அவர் கண்ணைக் காட்டப் போன இடத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் கடைசல் மெஷினில் நின்றவர் அவர். சர்க்கரை கண்ணின் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அளவுகோலின் கோடுகள் தெரியாமல் போய், வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியை விட்டால் ஆறரைக்கு விஜயநகர் வந்துவிடுவேன். ஏழரைக்கு அவர், நான், பியூசி (ப்ளஸ் டூ) படிக்கும் மகள், மூன்று பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்போம்.

அந்த ஒரு மணி நேரத்தில் சமைப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையே இஞ்சி பூண்டை அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். தேங்காய்த் துருவல் மேல்தட்டில் கல்லாகக் கிடக்கும். புளி கெட்டியாகக் கரைத்து ஒரு பாட்டிலில். வெங்காயத்தைக் காலையில் நறுக்கி மூடிபோட்டு வைத்தால் சாயங்காலம் தாளிக்க வேண்டியதுதான் பாக்கி. செருப்பைக் கழற்றும்போதே குக்கரில் அரிசி விழுந்திருக்கும். எதிர்வீட்டம்மா கீரை ஆய ஆரம்பித்து முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவி ஆகிவிடும், அதை அந்தம்மாவிடமே சொல்லிக் காட்டாமலும் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் அவசரத்துக்குக் கைகொடுப்பது அரிசிம்பருப்புச் சோறு. நாங்கள் இரண்டு பேரும் கொள்ளேகால் பக்கம். அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாகக் களைந்து, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம் தாளித்துக் குக்கரில் மூன்று விசில். மேலே ஒரு சொட்டு நெய். மகள் அதைப் பிசிபேளேபாத்தின் ஏழைத் தங்கை என்பாள். சர்க்கரைக்காரருக்குச் சோற்றைக் குறைக்கச் சொன்ன பிறகு அரிசிக்குப் பதில் கோதுமை ரவையைப் போட்டுப் பார்த்தேன். அவர் ஒரு வாய் உண்டுவிட்டு, "ருசியாத்தான் இருக்குது, ஆனா யாரோ ஒறம்பரை வீட்டுல உண்ணற மாதிரி இருக்குது" என்றார்.

அவர் மெதுவாகச் சாப்பிடுகிறவர். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் ஒரு கதை இருக்கும். இன்றைக்கு யார் வீட்டுக்கு டேங்கர் வந்தது, எந்த நாய் எந்தச் சந்தில் குட்டி போட்டது, மகளின் கெமிஸ்ட்ரி லெக்சரர் எப்படி இருமுகிறார் என்று. பகல் முழுக்கத் தனியாக இருப்பவர், பேச்சையெல்லாம் அந்த நேரத்துக்குச் சேர்த்து வைத்திருப்பார். நான் என் தட்டை முடித்துவிட்டு, அவர் தட்டு எப்போது காலியாகும், எப்போது கழுவலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் கதைகளில் பாதிக்கு மேல் என் காதில் விழவில்லை. இப்போது ஒன்றைக் கூட முழுசாகச் சொல்ல முடியாது என்னால்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் சாயங்கால ஓ.பி. தொடங்கினார்கள். இரண்டு டாக்டர்கள் புதிதாக வந்தார்கள், முன் மேசைக்கு மூன்று பெண்கள், அவர்களுக்கு மேலே நான். காலை பதினொன்றிலிருந்து ராத்திரி எட்டு மணி வரை. ஐம்பதை நெருங்கும்போது முதல்முறையாக என்னை யாரோ ஒரு பொறுப்பில் உட்காரவைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னபோது அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். எழுந்துபோய்த் தெருமுனைக் கடையில் மைசூர் பாகு வாங்கி வந்து, எங்களுக்குக் கொடுத்துவிட்டு, தான் முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார்.

அப்புறம்தான் ஏழரை மணி நினைவுக்கு வந்தது. எட்டுக்குக் கிளம்பினால் ஸ்கூட்டியில் வீடு வந்து சேர எட்டரை ஆகும். அவருக்கு அதுவரை தாங்காது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். காலையில் கிளம்புவதற்கு முன் அவருடைய ராத்திரிச் சாப்பாட்டைத் தனியாகச் செய்து ஹாட்பாக்ஸில் வைத்துவிடுவேன். இரண்டு சப்பாத்தி, ஒரு கூட்டு, அல்லது கோதுமை ரவை. ஏழு மணிக்கு அவரே ஊசி போட்டுக்கொண்டு ஏழரைக்கு உண்டுவிட வேண்டும். மகள் அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வருவாள். நான் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் இருபது நிமிஷத்தில் எதையாவது செய்துகொள்வோம்.

ஏற்பாட்டைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது. "நான் ஒண்டியா உக்காந்து உண்ணணுமா புள்ள?" என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் எனக்குச் சுருக்கென்றால் கோபமாகத்தான் வெளியே வரும். "ஏனுங்க, நீங்க நேரத்துக்கு உண்ண மாட்டீங்கன்னா சொல்லிப்போடுங்க. நாளைக்கே வேலைய உட்டுப்போட்டு வந்து உங்க எதுக்காலயே உக்காந்துக்கறேன்" என்றேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவர் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியாது. "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். உண்டுக்கறேன்" என்றார்.

இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் கன்னடத்தில் "ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்பார்கள். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். லிஃப்டில், பால் பூத்தில், கோயில் வாசலில், ஆஸ்பத்திரியில் கண்ணில் கட்டுப் போட்டிருக்கும் ஆளிடம்கூடக் கேட்பார்கள். அது கேள்வியே இல்லை. நீ இருக்கிறாய், நான் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பதிலும் ஒன்றே ஒன்றுதான். "ஆய்த்து, நிம்து?" ஆயிற்று, உங்களுக்கு என்று அர்த்தம். என் கூட வேலை செய்யும் பெண்ணொருத்தி ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், அவளும் யாராவது கேட்டால் "ஆய்த்து" என்றுதான் சொல்வாள். ஆகவில்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவர் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிடுவார்.

தினமும் ஏழரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கு ஃபோன் போடுவேன். எதிரே பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டிருப்பார்கள், ஒருவர் சீட்டை நீட்டுவார், ஒருவர் கண்ணில் சொட்டு மருந்து எரிகிறது என்பார். அந்த இடத்தில் என் வாயில் கன்னடம்தான் வரும். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஊட்ட ஆய்த்தா?" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே, "ஆய்த்து, நிம்து?" என்பார். வைத்துவிடுவேன். நாலு மாதம் ஒருநாள் விடாமல் கேட்டேன். ஒருநாள் விடாமல் அதே பதில் வந்தது.

எங்கள் வீட்டுப் பேச்சில், "ஏனுங்க, சோறு உண்டீங்களா?" என்று கேட்டிருந்தால் அவரால் உண்டேன் என்று சொல்லியிருக்க முடியாது. பொய் சொல்ல வராத மனுஷன். ஒருமுறை என் தங்கையிடம் புடவை நன்றாயிருக்கிறது என்று சொல்ல வைப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆனால் "ஆய்த்து" என்பது பொய் இல்லையே. ஊரே சொல்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவரால் சுலபமாக ஒதுங்கிக்கொள்ள முடிந்தது, ஒதுங்க இடம் கொடுத்தது நான்தான்.

எட்டரைக்கு நான் வந்து, எட்டே முக்காலுக்கு மேல் ஏதோ ஒன்றைத் தயார் செய்து வைப்பேன். உப்புமா, தக்காளிச் சாறும் சோறும், அவரைக்காய்ப் பருவத்தில் அவரைப் பருப்பு போட்ட சாறு. நானும் மகளும் தட்டை எடுத்தால் அவரும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார்.

"உங்ககூட ரெண்டு வாய் உண்டுக்கறேன்."

முதல் வாரம் பேசாமல் போட்டேன். அப்புறம் ஆரம்பித்தேன். "ஏழரைக்கு உண்டுட்டு ஒம்போதுக்கு மறுக்காவும் தட்டத் தூக்கிட்டு வந்தீங்கன்னா சக்கரை எங்கீங்க எறங்கும்? அது என்ன வவுறா வாளியா?" என்பேன். மகள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள். அவர் சிரிப்பார். நான் ஒரே ஒரு கரண்டி போடுவேன். தராசு வைத்துப் போடுகிற மாதிரி ஒரு கரண்டி, மேலே குவிந்திருந்தால் பக்கவாட்டில் தட்டி இறக்கிவிட்டுப் போடுவேன். அவர் அந்த ஒரு கரண்டியைத் தன் கதைகளோடு சேர்த்து வெகுநேரம் சாப்பிடுவார். சில நாள் நெற்றியில் வியர்த்திருக்கும், கை லேசாக நடுங்கும். ஃபேனைக் கூட்டி வைப்பேன்.

மூன்று மாதப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. ராத்திரி என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ரெண்டு தடவை சாப்பிடறாருங்க டாக்டர். நான் வெச்சுட்டுப் போறதையும் சாப்பிட்டுட்டு, எங்ககூடவும் உக்காந்துக்கறாரு." டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். டாக்டர் ராத்திரி ஊசியில் நாலு யூனிட் கூட்டினார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "இப்பத் தெரிஞ்சுதுங்களா?" என்றேன். "தெரிஞ்சுது புள்ள" என்றார்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை. மகள் கல்லூரியில் சிக்மகளூருக்கு இரண்டு நாள் கூட்டிப் போயிருந்தார்கள். ஏழரைக்கு ஃபோன் போட்டேன். ஊட்ட ஆய்த்தா, ஆய்த்து. அன்றைக்கு மழை, கூட்டம் குறைவு. மூடும் நேரத்தில் கூட வேலை செய்யும் பெண்ணுக்குப் பிறந்தநாள் என்று எல்லோரும் சேர்ந்து பக்கத்து ஓட்டலுக்குப் போனோம். வீட்டில் அவருக்கு ஆகிவிட்டது, மகள் இல்லை, எனக்காக மட்டும் எதற்கு அடுப்பைப் பற்றவைப்பது என்று நினைத்தேன். செட் தோசை சாப்பிட்டேன். இரண்டு செட். மூன்று தோசை ஒரு செட் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அத்தனை சந்தோஷமாக நான் வெளியே சாப்பிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

வீட்டுக்கு வரும்போது ஒன்பது. அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு வைத்திருந்தார். நான் மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே, "நீங்களும் உண்டாச்சு, நானும் தோசை தின்னுபோட்டு வந்துட்டேன். இன்னைக்கு நம்மூட்டு அடுப்புக்கு லீவு" என்றேன்.

"செரி" என்றார்.

ஒரே ஒரு கணம் அவர் ஏதோ சொல்ல வந்தது போல இருந்ததா என்று நான் இன்றைக்கு வரைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். இருந்தது என்று சில நாள் தோன்றும், இல்லை என்று சில நாள். அவர் எழுந்து இரண்டு தட்டையும் எடுத்து அலமாரியில் வைத்தார். பிஸ்கட் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்கும் நான் உள்ளேயிருந்து ஒரு அதட்டல் போட்டேன், மூடிவிட்டார்.

காலையில் ஆறு மணிக்குக் காப்பியோடு எழுப்பினேன். எழவில்லை. பனியன் முழுக்க நனைந்து, உடம்பு சில்லென்று, மூச்சு மட்டும் கரகரவென்று வந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எதிர்வீட்டம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டார், மயக்கத்தில் புரை ஏறிவிடும் என்று நான் தடுத்தேன். அது சரிதான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். அங்கே ஊசியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே ஒரு இளம் டாக்டர் என்னிடம், நேற்று ராத்திரி எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

"ஏழரைக்கு. ரெண்டு சப்பாத்தி, சுரைக்காய்க் கூட்டு" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டார். சாப்பிட்ட ஆளுக்கு ஏன் இவ்வளவு இறங்கியது என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூளைக்கு வெகுநேரம் சர்க்கரை போகவில்லை என்றார்கள். ஐந்து நாள் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் மகள் சிக்மகளூரிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஆறாம் நாள் காலையில் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கொள்ளேகாலிலிருந்து வந்த சொந்தங்கள் எல்லாரும் கிளம்பிப் போன மறுநாள், சாயங்காலம் கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து மனையில் பாதி கட்டி நிற்கும் வீட்டுக்கு ஒரு காவல்காரர் உண்டு. வடக்கே ராய்ச்சூர் பக்கத்து ஆள், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் தனியாக இருப்பவர். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. எங்கள் வீட்டு டப்பாதான், மூடியில் என் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். நன்றாகத் துலக்கியிருந்தார்.

"அய்யாவோட டப்பா, அக்கா. என்கிட்டயே தங்கிடுச்சு. வீட்டுல ஆளுங்க இருந்தாங்க, அதான் உடனே வரலை" என்று அவருடைய கன்னடத்தில் சொன்னார்.

அய்யா எதற்கு உங்களுக்கு டப்பா கொடுத்தார் என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார். நான்தான் கொடுத்துவிடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். "தினமும் ஆறரை மணிக்குச் சுவருக்கு மேல டப்பா வரும், காலையில கழுவித் திருப்பிக் குடுப்பேன், நாலு மாசமா என் ராத்திரிச் சாப்பாடு இந்த வீட்டுச் சாப்பாடுதான் அக்கா, உங்க கை நல்லா இருக்கட்டும்" என்றார்.

"அவரு சாப்பிடலையான்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டேன் அக்கா. எங்க வீட்டுல ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பாடுன்னாரு. இது மிச்சம், வீணாப் போகும்ன்னாரு."

கடைசி நாள் என்ன இருந்தது என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, பதில் எனக்கே தெரியும். "சப்பாத்தி ரெண்டு. சோரேகாய்" என்றார். சுரைக்காய். அப்புறம் என் முகத்தைப் பார்த்து அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அது ஒன்றும் அவர் தப்பில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

அடுப்படியில் நின்று கணக்குப் பார்த்தேன். ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொள்வதை மட்டும் அவர் தவறவில்லை, ஊசிகளை நான் எண்ணுவேன் என்று அவருக்குத் தெரியும். ஊசி போட்டுக்கொண்டு, ஏழரைக்கு எனக்கு ஒரு ஆய்த்து சொல்லிவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் வெறும் வயிற்றோடு என் ஸ்கூட்டிச் சத்தத்துக்குக் காத்திருந்திருக்கிறார். தாங்கவில்லையென்றால் பிஸ்கட், பரிசோதனையில் ஏறியிருந்தது அந்தச் சர்க்கரைதான். நான் வந்து, வயிறா வாளியா என்று கேட்டுவிட்டு, ஒரு கரண்டி போட்டிருக்கிறேன். தட்டித் தட்டிப் போட்டிருக்கிறேன். கட்டின நாளிலிருந்து அவரை நான் பட்டினி போட்டதில்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவள் நான்.

மகள் டியூஷனிலிருந்து வந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் போயிருந்தாள். அவர் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சொந்தக்காரர்கள் இருந்தவரை யாராவது வற்புறுத்தி ஊட்டினார்கள், துக்கம், போகப்போகச் சரியாகும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எதையாவது செய்ய வேண்டுமே என்று அரிசியையும் பருப்பையும் களைந்து குக்கரில் போட்டேன். விசில் வந்தது, எத்தனை என்று எண்ணவில்லை, அடி பிடித்த வாசனை வந்த பிறகுதான் இறக்கினேன். இரண்டு தட்டில் போட்டு உட்கார்ந்தோம். அவள் கையை வைக்கவில்லை.

டப்பா மேசை மேல் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாட்ச்மேன் வந்தாரா?" என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியும் என்று. எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருகிற இடமெல்லாம் மரத்துப்போயிருந்தது. "உனக்கு எப்பத் தெரியும் அம்மிணி?" என்று மட்டும் கேட்டேன்.

முதல் மாதத்திலேயே தெரியும் என்றாள். ஒருநாள் டியூஷன் இல்லாமல் சீக்கிரம் வந்திருக்கிறாள். அவர் சுவரோரம் டப்பாவோடு நிற்பதைப் பார்த்துவிட்டாள். "அம்மாகிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். அப்பா வேண்டாம்னாரு. தெரிஞ்சா உங்கம்மா வேலைய விட்டுருவா, அவ சொன்னாச் செய்வாம்மா, இப்பத்தான் அவ மொகத்துல ஒரு களை வந்திருக்குன்னாரு. ஒண்டியா உண்டா எறங்க மாட்டேங்குது, நீங்க வர்ற வரைக்கும் இருந்துக்கறேன், எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னாரு. நான் பிராமிஸ் பண்ணிட்டேன்." கன்னடமும் தமிழுமாக, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"அப்புறம்?"

"நீ ஒரு கரண்டிதான் போடுவே. தண்ணி எடுக்கவோ ஊறுகாய் எடுக்கவோ உள்ள போவே இல்ல, அப்ப என் தட்டுலருந்து எடுத்து அவரு தட்டுல போட்டுருவேன். அவரு சீக்கிரம் சீக்கிரமாச் சாப்பிடுவாரு. நீ திரும்பி வர்றதுக்குள்ள ஒரு கரண்டி அளவுதான் மிச்சமிருக்கும்."

"எவ்வளவு போடுவே?"

"பாதி. சில நாள் அதுக்கும் மேல."

நான் அவளையே பார்த்தேன். பதினேழு வயசுப் பெண், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. படிப்புக் கவலையில் இளைத்திருக்கிறாள் என்று ஆஸ்பத்திரிப் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில், என் கண் எதிரே, நான் சமைத்த சாப்பாட்டை நாலு மாதமாக இரண்டு பேர் எனக்குத் தெரியாமல் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். இருபது நிமிஷத்தில் சமைத்துவிட்டேன், பத்து நிமிஷத்தில் கழுவிவிடுவேன் என்று நான் அடுப்படிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"டூருக்குப் போயிருக்கக் கூடாதும்மா" என்றாள் அவள். "இல்ல, போறதுக்கு முந்தி உன்கிட்டச் சொல்லிட்டாவது போயிருக்கணும். பஸ்ஸுல உக்காந்து மெசேஜ் டைப் பண்ணினேன். அப்பாவுக்கு ஒரு கரண்டிக்கு மேல போடும்மான்னு. பிராமிஸ் பண்ணியிருக்கோமேன்னு அனுப்பலை. நான் அனுப்பியிருந்தா..." அழ ஆரம்பித்தாள். மூன்று வாரமாக அந்தத் தட்டுக்கு முன்னால் அவள் எதை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள் என்று அப்போது புரிந்தது. துக்கம் இல்லை. தன்னால்தான் அப்பா செத்துப்போனார் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தைக்கு ஊட்டுவது போல ஒரு வாய் பிசைந்து எடுத்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. நீ இல்லாவிட்டால் அவர் முன்னாலேயே விழுந்திருப்பார், உன் பாதிச் சோற்றில்தான் அவர் நாலு மாதம் இருந்தார் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டி ஆட்டி, "அன்னைக்கு நான் இல்லையேம்மா, அன்னைக்கு நான் இல்லையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு எதைச் சொன்னாலும் அவள் காதில் ஏறாது என்று தெரிந்தது. சொல்ல எனக்கு மனசு வராத ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"அன்னைக்கு வூட்டுல இருந்தது நான் அம்மிணி. நீயில்ல" என்றேன்.

அழுகையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்படிச் சொல்லாதேம்மா என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. என் கையிலிருந்த சோற்றை வாயில் வாங்கிக்கொண்டாள்.